ஜெசிந்தாவின் கழுத்து

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி முத்துமாரி. கடலில் பாசி எடுக்கும் ஜெசிந்தா. அவளுடைய மகள் ஸ்டெபி, பாம்பனில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிற பெண். ஜெசிந்தாவின் அண்ணன் சூசை, வள்ளத்தில் மீன் தொழிலுக்குப் போகிறவர். ஆறாவது ஆள் கிடையாது.

பின்னால் தெருவில் ரெண்டு மூன்று பேர் தாங்களும் அங்கே இருந்ததாகவும், சூசை என் சட்டையைப் பிடித்ததாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். சூசை என் சட்டையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்தத் தொடரில் இதுவரை என் பயங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். பாலத்தில் பஸ் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வது, கேஸ் சிலிண்டரை மூன்று தடவை மூடிப் பார்ப்பது, தும்மல் வந்தால் ரத்தம் கொடுத்துச் சோதிப்பது. நீங்களும் சிரித்துக் கடிதம் போட்டீர்கள். இந்த வாரம் எழுதுவது சிரிக்கிற மாதிரி இல்லை.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதம். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் காகிதம் பறக்கும். சாத்தியே வைத்திருந்தோம். தரை முழுக்கக் காகிதங்களைப் பரப்பி, மூலைக்கு மூலை பெயின்ட் டப்பாவும் டம்ளரும் வைத்திருந்தோம். மொத்தம் நாற்பத்து மூன்று படங்கள். எல்லாமே ஜெசிந்தா.

நடுவில் நாற்காலியில் நிஜ ஜெசிந்தா, கால் வைக்க இடமில்லாமல் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கேட்ட கேள்வி

ஜெசிந்தாவின் கழுத்தில், இடது பக்கம், தொண்டைக் குழிக்குச் சற்று மேலே ஒரு கட்டி. கோலிக்குண்டை விடப் பெரிது, எலுமிச்சம்பழத்தை விடச் சிறிது. எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். ராமநாதபுரத்தில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் ஊசி குத்தி எடுத்துச் சோதித்ததில் முடிவு தெளிவாக வரவில்லை.

பெரிய டாக்டர் கேட்டது ஒன்றுதான். இது எத்தனை நாளாக இருக்கிறது? சில மாதத்தில் கிடுகிடுவென்று வளர்ந்தது என்றால் அது ஒரு வகை, அதற்குக் கத்தி வைத்துப் பிரயோசனம் இருக்காது. வருஷக்கணக்கில் மெல்ல வளர்ந்தது என்றால் இன்னொரு வகை, அறுத்து எடுத்துவிடலாம். பழைய போட்டோ ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்றாராம்.

ஜெசிந்தாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கிறிஸ்மஸுக்குப் பிறகு கைக்குத் தட்டுப்பட்டது, அவ்வளவுதான். வீட்டில் இருக்கிற கண்ணாடி உள்ளங்கை அகலம். ஆதார் அட்டைப் படத்தில் முகமே கரி அப்பிய மாதிரி இருக்கிறது. ஸ்டெபி செல்போனை மாற்றி மாற்றிப் பழைய படங்களெல்லாம் போய்விட்டன. மிஞ்சிய ஒன்றிரண்டில் சேலைத் தலைப்பு கழுத்தை மூடியிருந்தது.

ஸ்டெபிக்குத்தான் அது தோன்றியிருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "மாமாகிட்ட ஒம்பது வருசத்துப் படம் இருக்குல்லம்மா. போட்டோவ விட அது பெருசு."

மாமா என்றது என்னை.

சுவரில் சிரித்த பெண்கள்

ஜெசிந்தா எனக்கு அறிமுகமானது ஒரு சண்டையில். நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கடைப்பெயர் எழுதி, சுவர் எழுதி, பிறகு ஆள் முகம் வரைகிற வேலைக்கு வந்தவன். இந்தக் கடற்கரை ஊருக்குக் குடிவந்த புதிதில், ஒரு சுவரில் பாசி எடுக்கும் பெண்களை வரைந்துகொண்டிருந்தேன். பாசி எடுப்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இடுப்பில் கூடை, தலையில் பூ, வாய் நிறையச் சிரிப்பு என்று நான்கு பெண்களை நிறுத்தியிருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "யாருண்ணே இவளுக? கல்யாண வீட்டுக்குப் போறாளுகளா?"

பாசி எடுக்கிறவர்கள் என்றேன்.

"இப்பிடிப் பூ வச்சுக்கிட்டு எறங்குனா மீனு கூடச் சிரிக்கும்."

மறுநாள் காலை அவளே வந்து நின்றாள், கடலுக்குப் போகிற கோலத்தில். புருஷனின் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டது. காலில் கயிறு போட்டுக் கட்டிய ரப்பர் செருப்பு. பாறை கிழிக்காமல் இருக்கப் பத்து விரலிலும் சுற்றிய துணிக்கீற்று. நெற்றியில் ஏற்றி விட்ட முக்குளிக்கிற கண்ணாடி. இடுப்பில் வலைப்பை. "இப்ப வரையி" என்றாள். ஒரு மணி நேரம் அசையாமல் நின்றாள். முடிந்ததும், நின்றதற்குக் கூலி உண்டா என்று கேட்டாள். கொடுத்தேன்.

அப்படித் தொடங்கியது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் அவர்கள் பாசிக்குப் போவார்கள். மற்ற நாளில் தண்ணீர் தோதுப்படாது. அந்த மற்ற நாட்களில் ஒன்றோ இரண்டோ என் வீட்டு முன்னறையில் வந்து உட்காருவாள். இதற்கு மாடல் என்று பெயர் என்றேன் ஒருநாள். "மாடலுன்னா டிவியில குளிக்கிற சோப்போட வருவாளே அவதான? என்னையக் கண்டா சோப்பு ஓடிப் போயிரும்" என்றாள்.

முத்துமாரிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. கதவு திறந்திருக்க வேண்டும், தானும் அதே அறையில் இருப்பேன் என்று நிபந்தனை போட்டாள். புளியை வைத்துக்கொண்டு கொட்டை எடுத்தபடி உட்கார்ந்திருப்பாள். இரண்டே மாதத்தில் அவர்கள் இருவரும் ஒரு கட்சி ஆகிவிட்டார்கள். நான் படம் வரைகிற வெளியாள்.

நான் படித்தவன் இல்லை, படத்துக்குத் தேதி போடுகிற பழக்கமும் இல்லை. ஆனால் நல்ல காகிதம் வாங்கக் காசு வராது என்பதால், மாதம் முடிந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் வெள்ளைப் பின்பக்கத்தில்தான் கரிக்குச்சியால் வரைவேன். ஆகவே எந்தப் படத்தைத் திருப்பினாலும் மாதமும் வருஷமும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

துணி சுற்றிய விரல்கள் மட்டும் ஏழு தாள். உப்பில் சிவந்த கண் நான்கு. பை கனத்துச் சாய்ந்த இடுப்பு மூன்று. மற்றதெல்லாம் தலையும் கழுத்தும். தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கி அடக்கி அவள் கழுத்தில் இரண்டு பக்கமும் கயிறு முறுக்கியதுபோல் தசை ஏறியிருக்கும். அப்படியொரு கழுத்தை நான் பார்த்ததில்லை. ஒரு சிற்றாலயத்துக்கு வரைந்த புனித அன்னம்மாள், ராமேஸ்வரத்து விடுதி ஒன்றின் வரவேற்பறையில் மாட்டிய மீன்காரி, போட்டோவே இல்லாமல் செத்துப்போன ஒரு வாத்தியாரின் தாயார், எல்லோருக்கும் நான் வைத்தது ஜெசிந்தாவின் கழுத்து.

கயிறு சுருங்குது

அவள் கழுத்தில் எப்போதும் உத்தரியம் கிடக்கும். பழுப்புக் கயிற்றில் மாதா படம் தைத்த இரண்டு சின்னத் துணித் துண்டு. குளிக்கும்போதும் கழற்ற மாட்டாள், கடலிலும் கழற்ற மாட்டாள்.

ஒருநாள் உட்கார்ந்திருக்கும்போது விரலை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டே இருந்தாள். என்னவென்று முத்துமாரி கேட்டாள். "உப்புத் தண்ணி பட்டுப் பட்டுக் கயிறு சுருங்கிருச்சு மதினி. கழுத்தப் புடிக்குது."

முத்துமாரி வேறு கயிறு கோத்து, ஒரு விரல் நீளம் கூட்டிக் கட்டிவிட்டாள். அடுத்த வருஷம் மறுபடி சுருங்கியது. மறுபடி கூட்டினாள். மூன்று தடவை. வலைக்கயிறு உப்பில் சுருங்கி இறுகுவதைத் தினமும் பார்க்கிற ஊரில் இதைச் சந்தேகப்பட யாருக்கும் காரணமில்லை. நானும் சந்தேகப்படவில்லை.

அப்படித்தான் எழுத ஆசை. கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு மரு

இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. நான் ஆள்படம் வரையத் தொடங்கிய புதிதில், எங்கள் பக்கத்து ஊரில் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி ஒருவர் இறந்துபோனார். முப்பதாம் நாளுக்குப் படம் வேண்டும் என்று ஒரு சின்னப் போட்டோவைக் கொடுத்தார்கள். போட்டோவில் இடது புருவத்தின் மேல் மிளகாய் விதை அளவு ஒரு மரு இருந்தது. நான் அதையும் ஒழுங்காக வைத்தேன். மருவின் நிழலைக் கூட வைத்தேன். அதில் எனக்குப் பெருமை.

படத்தைப் பார்த்ததும் மூத்த மகன் முகம் மாறிவிட்டது. "எங்கய்யாவ சுத்துப்பட்டு ஊரே கும்புட்டுச்சு. ஒனக்கு மருதான் தெரிஞ்சுச்சாக்கும்" என்றார். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம் எழுந்து வந்து நின்றது. அத்தனை பேர் முன்னால் தூரிகையை எடுத்து நான் அந்த மருவை அழித்தேன். அவசரத்தில் புருவமும் கொஞ்சம் போனது.

அதோடு பாடம் படித்தேன். மாறுகண் நேரானது. அம்மைத் தழும்பு நிரம்பியது. கோணல் வாய் சமமானது. எங்கள் அப்பாவின் மாறுகண்ணைத் திரும்ப வை என்று ஒருவரும் வந்து கேட்டதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலை. கடைசியில் திருத்துவதற்கு நான் தேவைப்படவில்லை. கையே பார்த்துக்கொண்டது.

ஜன்னல் வெளிச்சம்

ஸ்டெபி ஒவ்வொரு தாளாகத் திருப்பி மாதத்தையும் வருஷத்தையும் வாசித்தாள். சூசை குத்துக்காலிட்டு உட்கார்ந்து வரிசைப்படுத்தினார். கிறிஸ்மஸுக்கு முந்தின படம். அதற்கு முந்தின ஆடி. அதற்கு முந்தின தவக்காலம். எல்லாக் கழுத்தும் ஒன்றுபோல் இருந்தன. கடைந்து எடுத்த மாதிரி. ஒரு மேடு இல்லை.

சூசை எழுந்தார். "போன வருசத்துலயும் இல்ல. அதுக்கு முந்தியும் இல்ல. அப்பப் புதுசாத்தான் வந்துருக்கு. ஆறு மாசந்தான்னு டாக்டருட்ட சொல்லிருவோம்." ஸ்டெபியிடம், எல்லாவற்றையும் செல்போனில் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

எனக்கு அப்போது முதலில் தோன்றியது என்ன என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்ததாகத்தான், ஆறு மாதம் என்று சொன்னால் கத்தி வைக்க மாட்டார்கள் என்பது உறைத்தது.

முத்துமாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷம் என் பயத்தோடு குடித்தனம் பண்ணியவளுக்கு எது வெறும் பயம், எது பயமில்லை என்று தெரியும்.

"எடுக்காத தாயி" என்றேன் ஸ்டெபியிடம். "அதுல கழுத்து நெசமில்ல."

அவளுக்குப் புரியவில்லை. நான் கிறிஸ்மஸுக்கு முந்தின தாளை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் அப்பிப் பிடித்தேன். பின்பக்கத்துத் தேதி எண்களெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தன. அவற்றுக்கு நடுவில், கழுத்துக் கோட்டுக்கு வெளியே, சாம்பல் நிறத்தில் ஒரு வளைவு. கரிக்குச்சி அழுத்திப் போன தடம் காகிதத்தில் இருந்தது. அதன் மேல் துணி வைத்துத் துடைத்த மங்கல். முதலில் இருப்பதை வரைந்திருக்கிறேன். பிறகு அழித்திருக்கிறேன். பிறகு நேராக ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

ஸ்டெபி அடுத்த தாளை எடுத்து ஜன்னலில் வைத்தாள். அதிலும் இருந்தது, கொஞ்சம் சிறிதாக. அடுத்தது. அடுத்தது. கட்டை விரல் நுனி அளவு, சுண்டு விரல் நுனி அளவு, புளியங்கொட்டை அளவு. ஒன்பது தாள். கடைசியாகக் கிடைத்தது நான்கு வருஷத்துக்கு முந்தின ஒரு அக்டோபர். அதற்கு முந்தின தாள்களில் காகிதம் சுத்தமாக இருந்தது.

ஜெசிந்தா பாதத்தைத் தரையில் இறக்கி வைத்தாள். அவள் கால் பட்டு ஒரு டம்ளர் உருண்டது.

"அப்ப நீ பாத்துருக்க" என்றாள்.

"கை பாத்துருக்கு ஜெசிந்தா. எனக்கு..."

"கைக்குத் தனியாக் கண்ணு இருக்காண்ணே?"

அவள் சத்தம் போடவில்லை. கூலி பேசுகிறபோது இருக்கிற அதே குரல்தான். "எனக்குக் கொட்டாவி வந்தாலே ஒடம்புக்கு என்னான்னு கேப்ப. ஒன் சிலிண்டரு, ஒன் பாலம், ஒன் நெஞ்சுக்குத்து எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லுவ. கயிறு சுருங்குதுன்னு சொன்னேன்ல. அன்னைக்கு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல."

முத்துமாரி குனிந்து உருண்ட டம்ளரை எடுத்தாள். அவள் கையும் அந்தக் கயிறைக் கட்டிய கைதான். அதை யாரும் சொல்லவில்லை, அவளே நினைத்துக்கொண்டு அழுதாள்.

சூசை என்னைத் தாண்டி வெளியே போனார். வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி வெகு நேரம் நின்றார். திரும்பி வந்து, "பெயின்டரே, இத வந்து டாக்டருட்ட ஒங்க வாயால சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

மதுரை

ஒன்பது தாளையும் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டு எடுத்துப்போனேன். பாலத்தில் கண்ணை மூடவில்லை. அன்றைக்கு அந்தப் பயம் எங்கோ போயிருந்தது.

டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பலகையில் தாள்களை ஒவ்வொன்றாக மாட்டினார். ஸ்கேலை வைத்து அளந்தார். நான் எங்கே வரைந்தேன், எங்கே அழித்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். ஜெசிந்தா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான்கு வருஷம், மெதுவாக வளர்ந்தது, சந்தேகமில்லை, ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா வரைஞ்சிருக்கீங்க. அழிச்சது கூடத் தெளிவா இருக்கு" என்றார். குத்திச் சொல்லவில்லை, மெய்யாகவே பாராட்டினார். என் வாழ்நாளில் கிடைத்த பாராட்டுகளில் இன்னும் செரிக்காதது அதுதான்.

கட்டியை எடுத்தார்கள். ஆனால் நான்கு வருஷம் என்பது நான்கு வருஷம்தான். அது குரல் நரம்பைச் சுற்றியிருந்தது. நுரையீரலில் புள்ளி புள்ளியாக இறங்கியிருந்தது. ரெண்டாவது வருஷமே வந்திருந்தால் கழுத்தோடு முடிந்திருக்கும் என்று டாக்டர் ஸ்டெபியிடம்தான் சொன்னார். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஆபரேஷன் செலவு அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் போனது. வெளியே எடுத்த ஸ்கேன், சோதனைகளுக்குப் பன்னிரண்டாயிரம் ஆனது. அதை நான் கட்டினேன்.

உட்கார்ந்து கழிப்பது

அலைச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்து அடுத்த பாறையில் இருக்கிறவளைக் கூப்பிட்ட ஜெசிந்தாவுக்கு இப்போது வருவது வெறும் காற்று. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூச்சை அடக்கி முங்கினவள், எங்கள் வாசற்படி மூன்றையும் ஏறிவிட்டு மூச்சு வாங்க நிற்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் கழித்து வந்தாள். பன்னிரண்டாயிரத்தைப் பற்றிப் பேசினாள். அது கடனில்லை என்றேன். அவள் என் காதருகே குனிந்தாள்.

"சும்மா குடுக்காதண்ணே. சும்மா குடுத்தா நீ தப்பிச்சுருவ. கடனா வச்சுக்க. உக்காந்து கழிக்கிறேன்."

நான் மறுத்தேன். முத்துமாரி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அவள் சொல்கிறபடி செய்யுங்கள் என்றாள்.

அப்போது உட்காருகிற கூலி, ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாய். முதல் நாள் அவளே முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். கழுத்தின் அடியில் குறுக்காக ஒரு தழும்பு, அதன் மேலும் கீழும் தையல் புள்ளிகள். உத்தரியத்தின் கயிறு தொளதொளவென்று கிடந்தது. நான் வரைந்தேன். துணியைக் கையில் எடுக்கவில்லை.

முடித்ததும், ஒன்பது வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். எழுந்து என் பக்கம் வந்து படத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு விரலைக் காகிதத்திலும் ஒரு விரலைத் தன் கழுத்திலும் வைத்து, தையல் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"ஒண்ணு கொறையுது" என்றாள்.

நான் பார்த்தேன். குறைந்தது. வைத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான், எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். நடுவில் மதுரைக்குக் கூப்பிட்டு ஏதோ மருந்து கொடுத்து மூன்று நாள் தனியறையில் வைத்திருந்து அனுப்பினார்கள். நுரையீரலைப் பற்றிக் கேட்டால் டாக்டர் "பார்ப்போம்" என்கிறார். அதற்கு மேல் கேட்க ஸ்டெபிக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை.

கூலியை ஆயிரமாக்கிவிட்டால் சீக்கிரம் கழிந்துவிடும், அவள் படியேறி வருகிற பாடு குறையும் என்று நினைத்தேன். முத்துமாரியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த புளியில் கொட்டையை எடுத்துப் போட்டாள். பிறகு, "சீக்கிரம் முடிச்சு என்ன செய்யப் போறீக?" என்று கேட்டாள்.

கூலியைக் கூட்டவில்லை. இதுவரை ஐந்து தடவை உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டாயிரத்தில் அது போக, ஜெசிந்தா எனக்குத் தர வேண்டியது இன்னும் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.